ஏழாம் எண் கிணற்றின் நற்சான்று

மார்ச் 6

சிநேகிதன் சாபிர் இன்றும் வந்தான். ஒரு கெண்டித் தேநீர், இரண்டு மணி நேர வம்பு. கடைசியில் பொறுக்க முடியாமல் சனோபர் அவன் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினாள். கால் கிண்ணம் ஊற்றினால் 'இருந்து பேசு', விளிம்பு வரை ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு'. பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. இருபத்தாறு வருடமாக எரிவாயு நிலையத்தில் பூமியைத் துளைக்கிறவன் காதில் இந்தச் சாடை மட்டும் துளைக்கவில்லை. ஊதி ஊதிக் குடித்து முடித்து, "அண்ணி, இன்னொண்ணு" என்றான்.

என் மனைவி முறைத்த முறைப்பில் சமோவார் தானாகக் கொதித்தது.

வம்பின் சாரம்: நிலையம் புது அடுப்பு வைக்கப்போகிறது. உலகத்தில் எல்லோரும் அடுப்பின் மேல் தண்ணீர் வைப்பார்கள். எங்கள் ஊரில் தண்ணீருக்கு அடியில் அடுப்பு. பூமிக்கடியில் கிடக்கும் நிலக்கரியைத் தோண்டி எடுக்கச் சோம்பேறித்தனம், அங்கேயே கொளுத்தி, ஒரு குழாயில் காற்றை ஊதி மறு குழாயில் வாயுவை உறிஞ்சுகிறார்கள். அப்பா காலத்திலிருந்தே அதற்குப் பெரிய தந்தூர் என்று பெயர். இதுவரை மலைக்கு அந்தப் பக்கம் எரிந்தது.

"இப்ப எங்கடா?"

"உன் தொந்திக்கு நேர் கீழ."

"எங்க தெருவா!"

"பயப்படாத. இருநூறு மீட்டர் பாறை இருக்கு. உன் எடையவே தாங்குது, இதத் தாங்காதா?"

தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஒரு தாள் வந்தால் போதுமாம். கொளுத்திவிடுவார்கள்.

மார்ச் 7

இந்த நோட்டில் மட்டும் எழுதுகிறேன். போன இலையுதிர் காலத்திலிருந்தே எங்கள் கிணற்றில் வாடை. புதிதாகத் தார் போட்ட சாலையில் ஒரு மருத்துவமனையைக் கவிழ்த்தது போல. தேநீர் ஆறினால் மேலே வானவில் படிகிறது. கூண்டில் இருக்கும் என் காடை மானஸ்தன், தண்ணீர்க் குப்பியைக் காலால் தள்ளிவிட்டான். நான் மானஸ்தன் இல்லை, கடைக்காரன். விடியும் முன் பாலம் தாண்டிப் போய் ஊற்றிலிருந்து நான்கு கேன் கொண்டுவருகிறேன். 'என்ன இருந்தாலும் நொர்மத் கடைத் தேநீர் மாதிரி வராது' என்று ஊர் சொல்கிறது. நானும் மீசையை நீவிக்கொள்கிறேன்.

வெட்கம் என்னவென்றால், ஊற்றங்கரையில் நான் தனியாக இல்லை. நேற்று எதிர்வீட்டுத் தையல்காரர். அதற்கு முன்தினம் கடைசி வீட்டு ஆசிரியர்.

"என்ன அண்ணே, இந்நேரத்துல?"

"சும்மா. உடம்புக்கு நல்லதுன்னு நடக்கிறேன். நீங்க?"

"நானும் நடக்கத்தான்."

இரண்டு பேர் கையிலும் இரண்டிரண்டு கேன். கிணறு கெட்ட வீட்டில் பெண் எடுப்பார்களா? யார் வாயைத் திறப்பது?

மார்ச் 12

சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் நிகோரா, முப்பத்தைந்து இருக்கும். பாலைத் தூக்குவது போல ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிக் குப்பிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் தெருவில் பதினொரு கிணறு. ஒன்றில் மட்டும் மாதிரி எடுக்கச் சொல்லி உத்தரவாம். ஏழாம் எண். என்னுடையது. என் தேநீர்க்கடை, அதாவது சாய்கானா, பக்கத்தில் இருப்பதால் வண்டி நிறுத்த வசதி. இதுதான் அறிவியல்.

அவளைச் சிரிக்க வைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அரை நாள் பேசினேன். சனோபர் ரொட்டி சுட்டாள், பாதாம் வைத்தாள், கால் கால் கிண்ணமாகப் பத்து முறை ஊற்றினாள். அந்தப் பெண் போகும்போது கண் கலங்கிவிட்டது. "எங்கயும் என்ன உக்காரக்கூடச் சொல்லமாட்டாங்க அக்கா" என்றாளாம்.

நன்றாகப் போனது. வாடையை அந்தக் குப்பிகளே சொல்லிவிடும், நாம் வாய் திறக்க வேண்டாம். மானமும் பிழைத்தது, கிணறும் பிழைக்கும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு இரண்டு தட்டுப் புலாவ் சாப்பிட்டேன்.

மார்ச் 21

நவ்ரோஸ் புத்தாண்டு. தெருவே கூடி, முளைகட்டிய கோதுமையில் சுமலக் கிண்டியது. அண்டாவுக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் 'நடந்திருக்கிறார்கள்'.

ஏப்ரல் 9

தாள் வந்தது. தெருச் சங்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். 'கிணறு எண் 7: தரம் மிகச் சிறப்பு. மலை ஊற்று நீருக்கு இணையானது.'

மலை ஊற்றுக்கு இணையா? அந்தத் தண்ணீரில் கை கழுவினால் சனோபருக்குக் கை அரிக்கிறது. இந்த நிலையம் ஆய்வுக்கூடத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. அந்த நிகோரா! எங்கள் பாதாமைத் தின்றுவிட்டு! பலகை முன் நின்று கத்தினேன். தையல்காரர் கைதட்டினார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். சனோபர் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்தப் புள்ளயத் திட்டாதீங்க."

"ஏன் திட்டக்கூடாது?"

"தண்ணிய நாந்தான் புடிச்சுக் குடுத்தேன்."

"சரி, கிணத்துலேருந்துதான?"

மாவை ஒரு குத்து விட்டாள். "விருந்தாளியக் கிணத்துல எறைக்கச் சொல்லுவாங்களா? நீ உக்காரும்மா, நான் ரொப்பிட்டு வர்றேன்னு குப்பிய வாங்கிட்டு உள்ள போனேன். கிணத்துக்குத்தான் போனேன். வாளிய மேல தூக்கினேன். அந்த நாத்தம்... நம்ம வீட்டுக்கு வந்த பொண்ணு கையில அதக் குடுக்க எனக்கு மனசு வரலீங்க. கேன்லேருந்து ஊத்திட்டேன்."

மலை ஊற்றுக்கு இணையானது. இணையென்ன, அதேதான்.

ஆய்வுக்கூடம் பொய் சொல்லவில்லை. நாட்டிலேயே பொய் சொல்லாத ஒரே ஆய்வுக்கூடத்தை என் மனைவி ஏமாற்றிவிட்டாள்.

ஏப்ரல் 10

சண்டை. நான் சொன்னதை எழுத மாட்டேன். அவள் சொன்னதை எழுதுகிறேன்: "ஆறு மாசமா ஊத்துத் தண்ணிய ஊத்திக் கிணத்துத் தேத்தண்ணின்னு வித்தது யாரு?"

கூண்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். காடை கூவியது. அவனும் ஊற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறான்.

ஏப்ரல் 15

மாவட்ட அலுவலகம் போனேன். மாவட்டத் துணைத் தலைவர், துணை ஹாகிம் கமோலவ். மெல்லிய குரல், தடித்த மேசை. மேசைமேல் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் மூன்று.

மாதிரியில் ஒரு சின்னத் தவறு, மறுபடி எடுக்கவேண்டும் என்றேன்.

"தவறா? யாரு பண்ணது?"

"வீட்டுல" என்றேன்.

"அப்போ அரசாங்க மாதிரியில உங்க வீட்டம்மா கை வச்சுட்டாங்க. அது குற்றமாச்சே, நொர்மத் அண்ணே. எழுதிக்கட்டுமா?" பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், எனக்காக மறுபடி மூடினார். "மறு ஆய்வு வேணும்னா நிலையம்தான் விண்ணப்பம் போடணும். கண்காணிப்புத் திட்டம் அவங்களோடது."

"திருடன் விண்ணப்பம் போட்டாத்தான் காவல்காரன் வருவானா?"

"கல்யாணங்கள்ல நீங்க பேசுற சிலேடையக் கேட்டிருக்கேன்" என்று சிரித்தார். "ரொம்ப நல்லாருக்கும். வாங்க."

கதவு வரை கூட வந்து, தோளில் கைபோட்டு அனுப்பினார். வெளியே வந்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் எல்லாம் வெளியே வந்த பிறகுதான்.

ஏப்ரல் 16

தொந்தி உள்ளவன் வீரனாக முடியுமா? சரித்திரத்தில் தேடவேண்டும்.

ஏப்ரல் 28

சாபிர் வந்தான். சிரிப்பில்லை. கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தான்.

"டேய், நான் சொன்னேன்னு சொல்லாத. கீழ எரியிற நெருப்ப சுத்தி நிக்கிற தண்ணி அமுக்கணும். அதான் கணக்கு. தண்ணி உள்ள வரலாம், புகை வெளிய போகக்கூடாது. வாயு பத்தலன்னு போன வருஷத்திலேருந்து ஊதுற காத்த ஏத்தச் சொல்லிட்டாங்க. இப்ப நெருப்பு தண்ணிய அமுக்குது. தாரு எங்க போகும்? பள்ளத்த பாத்துத்தான்."

"பள்ளம் எது?"

"உன் தெரு."

"இத நீ கமோலவ்கிட்ட சொல்லேன்."

"எனக்கு ரெண்டு பொண்ணு கட்டிக்குடுக்கணும். நீ வேற."

கிளம்பும்போது வாசலில் நின்று, "முன்மாதிரிக் கிணறுன்னு உனக்கு ஒரு நற்சான்று அடிக்கிறாங்க. சட்டம் போட்டு. கடையில மாட்ட" என்றான்.

சட்டம் என்றால் கண்ணாடிச் சட்டம். வேறு சட்டம் இந்த ஊரில் எதற்கு?

மே 6

நோன்பு தொடங்கியது. பகலில் கடை மூடல். என் தொந்திக்கு வருடாந்திர அதிர்ச்சி.

மே 19

அறிவிப்பு வந்துவிட்டது. இருபத்து மூன்றாம் தேதி மாலை ஆறு மணிக்குப் பொது விளக்கக் கூட்டம், அரை மணி நேரம். புது அடுப்புக்கு மக்கள் ஒப்புதல். இடம்: முன்மாதிரிக் கிணறு அமைந்துள்ள நொர்மத்தின் சாய்கானா. கீழே பணிவாக ஒரு வரி: 'நோன்புக் காலமாதலால் தேநீர் உபசாரம் வேண்டாம்.'

கமோலவ் கெட்டிக்காரர். சாய்கானாவில் கூட்டம் போட்டு, ஒரு வாய் தண்ணீர் பல்லில் படாமல் எழுந்து போகும் வித்தை. கையெழுத்து வாங்கிவிட்டால் அந்த வாரமே கொளுத்துவார்களாம். கொளுத்திய அடுப்பை யாரும் அணைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

சனோபர் அறிவிப்பை இரண்டு முறை படித்தாள். "அன்னிக்கு நோன்பு தொறக்கிறது எத்தன மணிக்கு?"

"ஏழே முக்கால்."

"ஆறு மணிக்குப் பேச ஆரம்பிச்சா ஏழே முக்கால் வரைக்கும் உங்களால பேச முடியுமா?"

முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் என் வாயைப் பாராட்டியது இதுவே முதல்முறை.

"முடியும். ஆனா நீ உள்ள இரு. கிணத்து விஷயத்த நான் பாத்துக்கறேன். குத்தம்னு எழுதிடுவான்."

"நான் ஊத்துன பொய்ய நாந்தான் கொட்டணும்" என்றாள்.

மே 23

கடை இப்போதுதான் காலியானது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நாற்பது பேர். தரைவிரிப்பில், கட்டில்களில், சுவரோரமாக. நடுவில் கமோலவ். பக்கத்தில் குறிப்பெடுக்க நிகோரா, தலை நிமிரவே இல்லை. நிலையத்துத் தொப்பியோடு சாபிரும் இன்னும் மூன்று பேரும். கமோலவ் ஐந்து நிமிடம் பேசினார். தண்ணீர் மிகச் சிறப்பு, ஏழாம் எண் கிணறே சாட்சி, கையெழுத்துத் தாள் சுற்றி வரும். எனக்கு நற்சான்றை நீட்டினார். புகைப்படம் எடுத்தார்கள். என் தொந்தி முழுவதும் படத்தில் விழுந்திருக்கிறது.

எழுந்தேன். "ஐயா, அறிக்கையக் கொஞ்சம் படிச்சுச் சொல்லணும். நாங்க படிக்காத ஜனம்." ஆசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒவ்வொரு வரியையும் படிக்க வைத்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டேன். பீனால் என்றால் என்ன, ஆணா பெண்ணா என்றேன். கண்காணிப்புக் கிணறு எத்தனை, யார் பூட்டு, யார் சாவி என்றேன். "பூட்டும் நிலையத்தோடது, சாவியும் நிலையத்தோடது. அப்ப உங்களோடது என்ன ஐயா, நாற்காலியா?" தெரு சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. "கிணத்துக்குத் தரம் வாங்கிக் குடுத்தது என் தாரம்" என்றேன். அது பிறகுதான் புரியும் என்றேன். "உங்களுக்கு எரிவாயு, எங்களுக்கு எரியுற வாய்" என்றபோது கிழவர்கள் தொடையில் தட்டினார்கள். ஆறரைக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழுக்கு இரண்டாவது முறை. ஏழரைக்கு எழுந்தே விட்டார். எனக்குத் தொண்டை வறண்டு ஓலையாகக் கிடந்தது. நோன்பில் ஒன்றரை மணி நேரம் விடாமல் பேசுவதை எந்த மார்க்கமும் கடமையாக்கவில்லை.

அப்போது சனோபர் உள்ளேயிருந்து வந்தாள். "பதினஞ்சு நிமிஷந்தான் இருக்கு, ஐயா. நோன்பு தொறக்காம எங்க வாசலத் தாண்டுனா ஊரு எங்களக் காறித் துப்பும்."

நாற்பது பேர் பார்க்கிறார்கள். உட்கார்ந்தார். வேறு வழி?

பேரீச்சம்பழம் வந்தது. தண்ணீர்க் கிண்ணம் ஆளுக்கு ஒன்று. சாபிர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நேரமாச்சு!" என்று அவன்தான் முதலில் குரல் கொடுத்தான். துஆ ஓதி வேண்டிக்கொண்டோம். பழத்தைக் கடித்தோம். பிறகு யாரும் அசையவில்லை. தலைமை விருந்தாளி குடிக்காமல் யார் குடிப்பது?

கமோலவ் கிண்ணத்தைத் தூக்கினார். மூக்கருகே வந்ததும் கை நின்றது.

"இது எங்க புடிச்ச தண்ணி?"

"ஏழாம் எண் ஐயா. உங்க தாள்ல இருக்கே, அதேதான்" என்றாள் சனோபர். "குடிங்க. நீங்க குடிச்சாத்தான் நாங்க குடிக்க முடியும்."

காடை ஒரு முறை கூவி நிறுத்தியது. அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "வயிறு கொஞ்சம் சரியில்ல" என்றார். பதினாறு மணி நேரம் ஒன்றும் போகாத வயிறு.

சனோபர் குரல் உயர்த்தவில்லை. கை இரண்டையும் துடைத்துக்கொண்டாள். "மார்ச் மாசம் இந்தப் புள்ள கையில நான் குடுத்தது இந்தத் தண்ணி இல்ல. ஊத்துத் தண்ணி. விருந்தாளிக்கு இதக் குடுக்க வெக்கப்பட்டேன். தப்புதான். எழுதிக்குங்க. கேசு போடுங்க. ஆனா ஐயா, அன்னிக்கு நான் வெக்கப்பட்டேன். இன்னிக்கு வெக்கம் என்னோடது இல்ல."

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தையல்காரர் எழுந்தார். "நானும் நடக்கப் போகல. தண்ணிக்குத்தான் போனேன்." ஆசிரியர்: "நானும்." நாலாம் எண், ஒன்பதாம் எண், பத்தாம் எண். ஒவ்வொருவராக, குண்டு விழுந்தது போல. பிறகு நிலையத்துத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு சாபிர் தன் கிண்ணத்தைத் தரைவிரிப்பில் கவிழ்த்தான். அடுத்தவர், அதற்கடுத்தவர். முப்பத்தொன்பது கிண்ணங்கள் கவிழ்ந்தன. விரிப்பு நாசம். அந்த வாடை போக ஒரு வருடம் ஆகும்.

நிகோரா பெட்டியைத் திறந்தாள். "அக்கா, இந்தத் தடவ நானே எறைச்சுக்கட்டுமா?"

"நிலையம் விண்ணப்பம் போடணும்" என்றார் கமோலவ்.

"கூட்டக் குறிப்புல எழுதணுமே ஐயா" என்றாள், முதன்முறையாக நிமிர்ந்து. "தலைமை விருந்தினர் தண்ணீர் குடிக்கவில்லைன்னு. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?"

கட்டத்தில் என்ன எழுதினார்களோ தெரியாது. பதினொரு கிணற்றிலும் அவளே கயிறு பிடித்து இறைத்தாள். விருந்தாளி இறைப்பதைச் சனோபர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கை இரண்டையும் தலைத்துணி நுனியில் சுருட்டிக்கொண்டு. கையெழுத்துத் தாள் வெள்ளையாகவே கிடந்தது.

ஒளித்து வைத்திருந்த ஊற்றுத் தண்ணீரில் பிறகுதான் எல்லோரும் தாகம் தீர்த்தோம். நான் ஏழு கிண்ணம்.

மே 24

குரல் போய்விட்டது. சனோபர் இதை நோன்பு தந்த அருள், பரக்கத் என்கிறாள்.

ஜூன் 17

மூன்றிலிருந்து பதினொன்று வரை ஒன்பது கிணறும் குடிக்கத் தகாதவை. புது அடுப்புக்கான அனுமதி 'நிறுத்திவைப்பு'. ரத்து என்று எழுத அவர்களுக்குக் கை வராது. ஊதும் அழுத்தத்தைக் குறைக்க உத்தரவு. கண்காணிப்புக் கிணற்றுக்கு இரண்டாவது பூட்டு, சாவி நிகோராவிடம். சாபிருக்கு வேலை இருக்கிறது, ஆனால் கிடங்கில் குழாய் எண்ணுகிறான். "பூமியத் தொளைச்சவன இப்ப துரு எண்ண விட்டுட்டானுங்க" என்று சிரிக்கிறான். நன்றாகச் சிரிக்கவில்லை.

ஏழாம் எண்ணை மூடினார்கள். அப்பாவும் சித்தப்பாவும் நாற்பது நாள் தோண்டியது. இரும்பு மூடி வைத்து, சிவப்பில் 'குடிக்க அல்ல'. நான் பக்கத்தில் நின்று இரண்டு நகைச்சுவை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

சனோபருக்கு ஒரு கடிதம்: அரசு மாதிரியில் குறுக்கிட்டதற்காகக் கடும் எச்சரிக்கை. முத்திரை, கையொப்பம் எல்லாம் அழகாக. நற்சான்றின் சட்டத்தைப் பிரித்து, அந்தத் தாளை எடுத்துவிட்டு, இதைப் போட்டுக் கடையில் மாட்டினேன். அளவு கச்சிதம்.

ஜூலை 9

தண்ணீர் வண்டி இன்று நேரத்துக்கு வந்தது, அதிசயம்.

நிகோராவும் வந்தாள். மாதாமாதம் வருகிறாள். சனோபர் கால் கால் கிண்ணமாக ஊற்றி மூன்று மணி நேரம் உட்கார வைத்தாள்.

அவள் போனபின் நிலையத்திலிருந்து ஒருவர். சலவைச் சட்டை, மரியாதையான ஆள். சுவரில் மாட்டியிருந்ததைப் படித்தார், படிக்காதது போல உட்கார்ந்தார். நிறுத்திவைப்பு என்றால் நிரந்தரம் இல்லை, இலையுதிர் காலத்தில் மறுபடி விண்ணப்பிப்போம், இம்முறை தெருவோடு கலந்து பேசியே எல்லாம், எங்களுக்கு நல்லெண்ணம்தான் முக்கியம் என்று பேசிக்கொண்டே போனார். நான் வாயைத் திறக்கப் போனேன். சனோபர் கண்ணாலேயே அடக்கினாள்.

கெண்டியைத் தூக்கினாள். அவர் கிண்ணத்தில் ஊற்றினாள். கால், அரை, முக்கால். நிறுத்தவில்லை. தேநீர் விளிம்பில் வந்து முத்தாகத் திரண்டு நின்றது.

அவர் பேச்சை நிறுத்தினார். கிண்ணத்தைப் பார்த்தார், சனோபரைப் பார்த்தார், தொப்பியை எடுத்துக்கொண்டார். வெளியூர் ஆள் என்று நினைத்திருந்தேன். நம் ஊர்க்காரர்தான்.